நீளமான வீடு

பிந்து டீச்சர் அந்தப் புகைப்படத்தைப் பலகையில் ஒட்டியதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் அப்படி நடப்பது அபூர்வம்.

படத்தில் ஒரு பழைய வீடு இருந்தது. மழையில் நனைந்து கறுத்த ஓடுகள். பாசி படர்ந்த சுவர். இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே பூட்டுத் தொங்கும் பெரிய கதவு. ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு காட்டுக்கொடி கூரைவரை ஏறியிருந்தது. கீழே மலையாளத்தில் தலைப்பு எழுதியிருந்தது: 'ஆளில்லாத வீடு'.

"அகில் எடுத்த படம். எப்படி இருக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"சூப்பர், டீச்சர்!"

"பயமா இருக்கு, டீச்சர்!"

அகில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவன் காதுகள் சிவந்துபோயின.

பள்ளியில் அந்த வாரச் சனிக்கிழமை ஒரு கண்காட்சி நடக்கவிருந்தது. திருவனந்தபுரத்தின் பழைய கட்டடங்களைப் படம் எடுக்கலாம், அல்லது வரையலாம். "கட்டடம் எவ்வளவு பெருசுன்னு காட்டினா போதாது. அது எப்படிப்பட்டதுன்னு காட்டணும். ஆளுக்கு ஒரு குணம் இருக்கிற மாதிரி கட்டடத்துக்கும் இருக்கு" என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்.

நிறையப் பேர் கோட்டை வாசலையும் அருங்காட்சியகத்தையும் எடுத்து வந்திருந்தார்கள். கோட்டை வாசலை வரைந்திருந்த ஷிஜாவிடம் "நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். அந்த 'தான்' ஷிஜாவுக்குப் புரிந்தது.

ஆனால் இப்போது அவள் அதை நினைக்கவில்லை. பலகையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய வீடு.

"இது கரமனையில இருக்கு, டீச்சர். எனக்குத் தெரியும்" என்று பின் பெஞ்சிலிருந்து சஜின் எழுந்தான். "அங்க பேய் இருக்காம். ஒருநாள் கூரை மேல வெள்ளையா ஒண்ணு குனிஞ்சு நின்னுச்சு. எங்க அண்ணனே பாத்தான்."

வகுப்பில் எல்லாரும் 'ஊ' என்று ஊளையிட்டார்கள்.

வெள்ளையாக நின்றது ஷிஜாவின் அப்பா. பனியனும் வெள்ளை லுங்கியும் கட்டிக்கொண்டு, உடைந்த ஓட்டை மாற்றுவதற்காகப் போன மாதம் ஏறியிருந்தார். ஷிஜா அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் சொன்னால் நாளை முதல் தனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"பேயெல்லாம் இல்லை, உட்காரு சஜின்" என்றார் டீச்சர். "அகில், இந்தப் படத்தைப் பெருசாப் பிரிண்ட் போட்டு வாசல்லயே வைக்கப்போறோம். சனிக்கிழமை அப்பா அம்மா எல்லாரும் வருவாங்க. முதல்ல இதைத்தான் பார்ப்பாங்க."

ஷிஜாவின் அப்பாவும் அம்மாவும்கூட வருவார்கள். முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்.

*

கரமனையில் அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் நீளமானவை. முன்வாசல் தெருவில் இருக்கும். உள்ளே நுழைந்தால் அறைக்குப் பின் அறையாகப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் கொல்லைக் கதவைத் திறந்தால் ஆற்றுப்பக்கத்துச் சந்து வரும்.

ஷிஜாவின் குடும்பம் இருந்தது பின்பாதியில். வீட்டின் சொந்தக்காரர் ராமசுப்ரமணியன் பெங்களூரில் இருந்தார். முன்பாதியைப் பூட்டிவிட்டு, முற்றத்திலிருந்து கொல்லைவரை உள்ள பகுதியை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தார். அதனால் ஷிஜா வீட்டார் தெருப்பக்கம் போவது எப்போதாவதுதான். போவதும் வருவதும் சந்து வழியாகத்தான்.

அன்று சாயங்காலம் ஷிஜா வீட்டுக்கு வந்தபோது, அம்மா ராகேல் தையல் மெஷினில் யாருடைய ஜாக்கெட்டையோ தைத்துக்கொண்டிருந்தார். தம்பி லிபின் முற்றத்துத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான்.

"மோளே, அப்பா சனியாழ்ச்சைக்கு லீவு கேட்டுட்டாவ. காலம்பறயே போயிரலாம்" என்றார் அம்மா. கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பொரோட்டா போடும் அப்பாவுக்குச் சனிக்கிழமை லீவு கிடைப்பது பெரிய விஷயம்.

"அம்மா, நீங்க வராண்டாம்."

மெஷின் நின்றது. "எதுக்கு?"

ஷிஜாவால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டுத் தொங்கும் கதவு, கொடி, சஜின் சொன்ன பேய், எல்லாவற்றையும்.

பேய்க்கதை வரும்போது அம்மா சிரித்துவிட்டார். "உங்க அப்பாவையா? பேய்க்குத் தொப்பை உண்டா பிள்ளே?"

"படத்துக்குப் பேரு 'ஆளில்லாத வீடு', அம்மா."

அம்மா மறுபடி சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஆளில்லாத வீடா?" என்றார். "பின்ன நாம ஆரு?"

பிறகு மெஷினை ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் நிறுத்தி, தைத்ததைத் தூக்கிப் பார்த்தார். தையல் கோணலாகப் போயிருந்தது. அதைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"டீச்சர்ட்ட சொல்லு. அந்தப் படத்த எடுத்துரச் சொல்லு" என்றார் நூலைப் பார்த்தபடியே.

*

மறுநாள் காலையில் ஷிஜா சந்து வழியாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் வந்தாள்.

எதிர்வீட்டு மதிலோரம் நின்று, இரண்டு கைகளாலும் ஒரு சட்டம் போலச் செய்து, அதன் வழியாகப் பார்த்தாள். இங்கே நின்றுதான் அகில் எடுத்திருக்க வேண்டும்.

அவளே அந்த வீட்டை அப்படிப் பார்த்தது கிடையாது. சாய்ந்த வெயில் ஓடுகளின் மேல் வரிசை வரிசையாக மின்னியது. கதவில் யாரோ எப்போதோ செதுக்கிய தாமரை மழையில் தேய்ந்து, பாதி இதழ்களோடு நின்றது. அழகாக இருந்தது. ஆனால் ஒரு சத்தம் இல்லை. ஒரு துணி காயவில்லை.

'நானாக இருந்தாலும் அப்படித்தான் தலைப்பு வைத்திருப்பேன்' என்று தோன்றியது.

டீச்சரிடம் சொன்னால் படத்தை எடுத்துவிடுவார். அகிலின் காதுகள் சிவந்தது நினைவுக்கு வந்தது. ஷிஜா டீச்சரிடம் போகவில்லை. மதிய இடைவேளையில் குழாயடியில் அகிலைப் பிடித்தாள்.

"அகில், அந்த வீட்டில ஆளுண்டு."

"எந்த வீட்டில?"

"உன் படத்தில இருக்கிற வீட்டில."

"சும்மா சொல்லாத. நான் எத்தனை தடவை அந்த வழி போயிருக்கேன். எப்பவும் பூட்டுத்தான்."

"நான்தான் அங்க இருக்கேன். பின்பக்கம். எங்க அப்பா, அம்மா, தம்பி எல்லாரும்."

அகில் தண்ணீர் பாட்டிலை மூட மறந்து நின்றான். தண்ணீர் வழிந்து அவன் ஷூவுக்குள் போனது.

"ஐயோ!" என்றான். ஷூவுக்காகவா, வீட்டுக்காகவா என்று தெரியவில்லை. "அப்போ என் படம் பொய்யா? டீச்சர் எடுத்துடுவாங்க இல்லே? ஞாயிற்றுக்கிழமை மழையில சைக்கிள் மிதிச்சுப் போனேன் ஷிஜா. வெளிச்சம் வரட்டும்னு எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? அப்பாவோட கேமரா நனையாம இருக்கணும்னு என் ரெயின்கோட்டை அதுக்குப் போட்டேன். நான் நனைஞ்சேன்."

"பொய்யுன்னு சொல்லலை" என்றாள் ஷிஜா. "முன்பக்கம் அப்படித்தான் இருக்கு. ஆனா அது முன்பக்கம் மட்டும்தான். நீ வந்து பின்பக்கத்தையும் எடு. ரெண்டையும் சேர்த்து வைக்கலாம்."

"உங்க அம்மா திட்டுவாங்களா?"

"தெரியாது. வந்து பாரு."

*

புதன்கிழமை பள்ளி விட்டதும் அகில் கேமராவோடு வந்தான். கொல்லைக் கதவுக்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கி நின்றான்.

"சஜின் சொன்னது மாதிரி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான்.

"உண்டு. இப்போ ஹோட்டல்ல பொரோட்டா போட்டுக்கிட்டு இருக்காங்க."

உள்ளே போனதும் ஷிஜாவுக்கு அதிர்ச்சியாக இருந்தது. வீட்டையே காணவில்லை!

கொடியில் துணி இல்லை. மெஷின்மேல் எப்போதும் குவிந்திருக்கும் ஜாக்கெட்டுகள் இல்லை. லிபினின் கப்பல்கள் இல்லை. அடுக்களையில் பாத்திரங்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அம்மா தேவாலயத்துக்குக் கட்டும் பட்டுச்சேலையில் நின்றார். லிபினின் தலையில் எண்ணெய் மின்னியது. அவனைச் சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

"அம்மா, துணியெல்லாம் எங்க?"

"போட்டோ எடுக்க வாறாம்னு சொன்னேல்லா? துணி தொங்குதத ஆராவது போட்டோ எடுப்பாவளா?"

அகில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "ஆன்ட்டி, நான் அறியாம அப்படித் தலைப்பு போட்டுட்டேன். ஸாரி."

அம்மா அவனைப் பார்த்தார். அவன் சாக்ஸ் ஒரு காலில் மேலேயும் மறுகாலில் கீழேயும் இருந்தது.

"முன்னால நின்னு பாத்தா அப்பிடித்தான் தோணும் மக்களே. கால் கழுவிட்டு வா. ஏத்தம்பழம் தாறேன்" என்றார்.

அகில் படம் எடுத்தான். அம்மா நேராக நின்றார். லிபின் பல்லைக் காட்டினான். பல் வலிக்கிறவன் மாதிரி இருந்தது. தூண் பக்கத்தில், ஜன்னல் பக்கத்தில், மெஷின் பக்கத்தில் என்று மாற்றி மாற்றி எடுத்தான். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவன் முகம் சுருங்கியது.

"நல்லா வரலை, ஷிஜா. ஆளு இருக்காங்க. ஆனா..."

"ஆனா ஆரும் வசிக்காத வீடு மாதிரி இருக்கு" என்றாள் ஷிஜா.

அப்போதுதான் மழை வந்தது.

கரமனையில் ஜூன் மாத மழை சொல்லிவிட்டு வராது. ஓட்டின்மேல் யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவது போலச் சத்தம். அம்மா பட்டுச்சேலையை இடுப்பில் செருகினார். "லிபினே, சட்டி!" என்று கத்தினார்.

லிபின் நாற்காலியிலிருந்து குதித்தான். எண்ணெய்த் தலையோடு ஓடிப்போய், கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை இழுத்தான். ஷிஜா புத்தகப் பையைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு மெஷினை அரையடி தள்ளினாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கே ஒழுகும் என்று எல்லாருக்கும் தெரியும். அடுக்களை மூலைக்கு அலுமினியச் சட்டி. கட்டில் பக்கத்துக்கு வாளி. மெஷின் நின்ற இடத்துக்கு லிபினின் பால் டம்ளர்.

'டங்' என்றது சட்டி. 'தொப்' என்றது வாளி. 'க்ளிங்' என்றது டம்ளர்.

"டங் தொப் க்ளிங்! டங் தொப் க்ளிங்!" என்று லிபின் ஆட ஆரம்பித்தான். புதிதாக ஒரு சொட்டு நேராக அவன் மூக்கில் விழுந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, ஒரு காலால் இன்னொரு சட்டியை அந்த இடத்துக்குத் தள்ளினார்.

'க்ளிக்.'

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் அகில் கேமராவை ஷிஜாவிடம் நீட்டினான்.

முற்றத்து வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழுந்திருந்தது. ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு மழைக்கோடு வெள்ளி நூல் மாதிரி இறங்கியது. அம்மாவின் கால் சட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னால் மங்கலாக லிபின், மூக்கைப் பிடித்துக்கொண்டு. கறுத்த உத்தரமும் தேய்ந்த தூணும்கூடச் சிரிப்பது போல இருந்தது.

"இதுதான்" என்றான் அகில் மெதுவாக. "இதைத்தான் வைக்கணும்."

அம்மாவும் எட்டிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"வேண்டாம் மக்களே. கூரை ஒழுகுதத ஊருக்கே காட்டவா? உங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் வருவாவ."

"ஆன்ட்டி, இது ரொம்ப நல்ல படம்..."

"நல்ல படம்தான். வேண்டாம்."

அகில் ஷிஜாவை முற்றத்து ஓரம் இழுத்துக்கொண்டு போனான். "நீ சொல்லிப் பாரேன். இது மாதிரி ஒண்ணு எனக்கு இனிமே கிடைக்கவே கிடைக்காது."

ஷிஜாவுக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. வாசலில் பெரிதாக அதை மாட்டினால் சஜின் வாயைத் திறக்கமாட்டான். ஆனால் அம்மா ஒழுகும் மூலையைக் கந்தையால் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னமும் பட்டுச்சேலையில்தான் இருந்தார்.

"அது அம்மாவோட முகம், அகில். அம்மா வேண்டாம்னா வேண்டாம்."

அகில் பெருமூச்சு விட்டான். அம்மாவிடம் போய்க் கேமராவை நீட்டினான். "இந்தப் பட்டனை அமுக்கினா அழிஞ்சிடும், ஆன்ட்டி."

அம்மா கேமராவை வாங்கவில்லை. "அழிக்காண்டாம். எனக்கு ஒரு காப்பி தா. பீரோவுல வச்சுக்கிடுவேன்" என்றார்.

*

மழை முழுவதும் நிற்கக் காத்திருந்த நேரத்தில் குழந்தைகள் மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வாசல் படத்தின் சின்னப் பிரதி ஒன்றை அகில் கொண்டுவந்திருந்தான். அது தரையில் கிடந்தது.

"போச்சு. இதை மட்டும்தான் வைக்க முடியும்" என்றான்.

ஷிஜா அந்தப் படத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். கூரையின் கோடு படத்தின் விளிம்புவரை வந்து அங்கேயே நின்றிருந்தது.

"படம் இங்க முடியுது" என்றாள். "வீடு முடியலையே."

ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்குமாறு, படத்தை ஒட்டிப் போட்டாள். பென்சிலால் கூரைக் கோட்டை அங்கிருந்தே நீட்டினாள். நீட்டிக்கொண்டே போனாள். தாள் தீர்ந்துவிட்டது. லிபின் இன்னொரு மாதத்தைக் கிழித்துக் கொடுத்தான்.

"என்ன செய்யற?"

"முன்வாசல் நீ எடுத்தாச்சு. அதிலிருந்து கொல்லைவரைக்கும் நான் வரையறேன். எல்லா அறையும்."

"உள்ள இருக்கிறது எப்படித் தெரியும்? வெளிச்சுவர் மறைக்குமே?"

"அந்தச் சுவரை எடுத்துட்டேன்" என்றாள் ஷிஜா. "எல்லாரும் பார்த்து முடிச்சதும் திரும்ப வச்சிடுவேன்."

அகில் முதலில் முழித்தான். பிறகு அவன் காதுகள் சிவக்கத் தொடங்கின.

ஷிஜா அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, உங்களையும் வரையணும். சட்டியையும். போட்டோ இல்ல, படம்தான். வரையட்டா?"

அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"வரை. ஆனா சேல நல்ல சேலயா இருக்கணும்" என்றார்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. பூட்டிய முன்பாதிக்குள் ஷிஜா போனதே இல்லை. அன்று அப்பா வேலை முடிந்து வந்ததும், அவருடைய போனிலிருந்து பெங்களூருக்குப் பேசினாள். கண்காட்சி விஷயத்தைச் சொல்லி, முன்வாசல் படத்தை வைக்கலாமா என்று கேட்டாள்.

"தாராளமா வையேன். நம்மாத்தைப் படம் எடுக்கறதுக்குக்கூட ஆள் வந்துதா!" என்று ராமசுப்ரமணியன் சிரித்தார். "வேற என்ன வேணும் சொல்லு?"

"பூட்டின ரூம்ல என்னெல்லாம் இருக்கு, மாமா? வரையணும்."

"ஊஞ்சல் சங்கிலி தொங்கிண்டிருக்கும். பலகை கிடையாது. அதை நான் இங்க எடுத்துண்டு வந்து, கால் வெச்சு, அதுமேலதான் கம்ப்யூட்டர் வெச்சிருக்கேன். அப்பறம் ஒரு பெரிய மரப்பெட்டி இருக்கும். அதோட சாவி எங்க போச்சுன்னு தெரியலை. உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. நீ என்ன வேணா வரைஞ்சுக்கோ."

"மாங்கா வரை!" என்றான் லிபின், போனுக்குள் கேட்கும்படி.

"பேஷ்! மாங்காயே இருக்கட்டும்" என்றார் அவர்.

*

வியாழனும் வெள்ளியும் கலை வகுப்பு அறையின் தரை முழுவதும் தாள்தான். பிந்து டீச்சர் சார்ட் தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, தாண்டித் தாண்டி நடந்தார். அகில் தாள்களை ஒட்டினான். ஓட்டின் நிறம் எப்படி மாறும், நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தன் படங்களைப் பார்த்துச் சொன்னான். ஷிஜா வரைந்தாள். அடுக்களையை வரைய அவளுக்கு எந்தப் படமும் தேவைப்படவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த சஜின் கூரைப் பக்கம் குனிந்தான். பனியனும் லுங்கியுமாக, தொப்பையோடு ஒருவர் கூரைமேல் குனிந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்.

"இது யாரு?"

"உங்க அண்ணன் பார்த்த பேய்" என்றாள் ஷிஜா. "எங்க அப்பா."

சஜின் அவளைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். "நீ இந்த வீட்டிலயா இருக்கே?" என்றான். கூரைமேல் இருந்தவரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவா பொரோட்டா போடுறாங்க? கிழக்கேகோட்டையில? நாங்க அங்கதானே சாப்பிடுவோம்!" என்றான். பிறகு அவனும் உட்கார்ந்து, கேட்காமலேயே ஓடுகளுக்கு நிறம் தீட்ட ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு பிரச்சினை வந்தது. படம் வாசலில் அடங்கவில்லை.

"இவ்வளவு நீளமா!" என்று டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"வீடு அப்படித்தான், டீச்சர்" என்றாள் ஷிஜா.

கடைசியில் அகிலின் புகைப்படத்தை அரங்கத்து வாசலில் மாட்டி, அதை ஒட்டி வராந்தாச் சுவர் முழுவதும் ஷிஜாவின் படத்தை நீட்டினார்கள்.

"தலைப்பு?" என்று டீச்சர் அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

அகில் அட்டையை வாங்கி, பழைய தலைப்பு எழுதிய துண்டைக் கிழித்து எறிந்தான். ஷிஜாவோடு குசுகுசுவென்று பேசினான். பிறகு பெரிய எழுத்தில் எழுதினான்.

'முன்வாசல்: அகில். மீதி வீடு: ஷிஜா.'

*

சனிக்கிழமை காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அம்மா அதே பட்டுச்சேலை. இருவரும் பூட்டுத் தொங்கும் கதவின் படத்துக்கு முன்னால் நின்றார்கள். அம்மா அந்தப் பூட்டையே பார்த்தார். ஷிஜா அவர் கையைப் பிடித்து, "இந்தப் பக்கமா வாங்கம்மா" என்று நடத்திக்கொண்டு போனாள்.

கதவைத் தாண்டியதும் பலகை இல்லாத ஊஞ்சல் சங்கிலி தொங்கியது. மரப்பெட்டியின் பக்கவாட்டுப் பலகையையும் ஷிஜா எடுத்துவிட்டிருந்தாள். உள்ளே மாங்காய்கள். அப்புறம் முற்றம், அதில் காகிதக் கப்பல்கள். கொடியில் துணிகள், நிஜமாகவே காய்வது போல.

கூரைமேல் நின்ற தன்னைப் பார்த்ததும் அப்பா சிரித்துவிட்டார். "தொப்பைய இத்திரி கொறச்சிருக்கலாம்லா மோளே?" என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அம்மா அடுக்களைக்கு முன்னால் நின்றுவிட்டார். அங்கே சேலையை இடுப்பில் செருகிய ஒரு பெண் சிரித்துக்கொண்டே காலால் சட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சேலையின் கரை தங்க நிறத்தில் மின்னியது. அம்மா தன் சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வராந்தாவின் அந்தக் கடைசியில் படம் முடிந்தது. அங்கே பாதி திறந்த கொல்லைக் கதவு.

ஒரு சின்னப் பெண் படத்தோடு ஒட்டிக்கொண்டே ஓடி வந்தாள். ஒன்றாம் வகுப்பு இருக்கும். கொல்லைக் கதவு வந்ததும் நின்று, விரலை மடக்கி, காகிதக் கதவில் மெதுவாகத் தட்டினாள்.

"இங்க ஆருமில்லே?" என்று கேட்டாள்.

லிபின் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்.

"உண்டு மக்களே. நாங்க இருக்கோம்."

அந்தப் பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். படத்தில் இருந்த அம்மாவையும் பார்த்தாள். பிறகு கவலையோடு அடுக்களை மூலையைக் காட்டினாள்.

"ஆன்ட்டி, உங்க சட்டி நிறைஞ்சிடுச்சு."

அம்மா குனிந்து பார்த்தார்.

"ஆமா பிள்ளே, நான் கவனிக்கல்ல. இப்ப மாத்திருதேன்" என்றார்.